உலக நடனங்களைக் குழந்தைப் பாட்டாக எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

காரைக்குடிப் பக்கம் கோடை விடுமுறை வகுப்புகளில் பாட்டெழுதிப் பழக வருகிறவர்களோடு உட்காரும் வேலை என்னுடையது. ஆசிரியர்கள் வருவார்கள், அம்மாக்கள் வருவார்கள், கல்லூரிப் பிள்ளைகளும் வருவார்கள். ‘உலக நடனங்கள்’ என்று தலைப்புக் கொடுத்தால் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்றுதான். நடனத்தைப் பற்றித் தகவல் எழுதிவிடுகிறார்கள். எந்த நாடு, என்ன உடை, எவ்வளவு அழகு என்று வரி ஓடும். அதைச் சொல்லும் குழந்தையின் கால் மட்டும் அசையாது.

பாட்டைச் சொன்னதும் கால் தானாக எழ வேண்டும். அதற்கு வேலையை எந்த வரிசையில் செய்கிறோம் என்பது முக்கியம். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் ஒருமுறை செய்து பாருங்கள். கை பழகியபின் உங்கள் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கோடு போட்ட நோட்டு, காணொலி பார்க்க ஒரு போன், ஒரு ஜோடி கோலாட்டக் கழி, ஓர் உலக வரைபடம். கூடவே ஒரு குழந்தை. கடைசியாகச் சொன்னதுதான் பலரிடம் இருப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் போதும். ஆனால் இந்தப் பிள்ளைக்காக எழுதுகிறேன் என்று முதல் நாளே முடிவாகிவிட வேண்டும்.

இடமும் வேண்டும். வளவு, அதாவது நடு முற்றம், உள்ள வீடு என்றால் அதைவிட நல்ல இடம் கிடையாது. வெறுங்காலால் மிதித்தால் சத்தம் தெளிவாகக் கேட்கும், சுற்றி நின்று ஆட அகலமும் இருக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையாக இருந்தால், துடைத்த ஈரம் காய்ந்தபிறகு பிள்ளைகளை இறக்குங்கள். காலுறையோடு சுற்றவே விடாதீர்கள். கல் வழுக்கும், தூணும் பக்கத்தில் நிற்கும். வளவு இல்லாதவர்களுக்கு மொட்டை மாடி போதும்.

2. வயதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஐந்து முதல் ஏழு வயதுவரை நான்கு வரி. எட்டு முதல் பத்துவரை எட்டு வரி. அதற்கு மேலே பன்னிரண்டு வரிவரை போகலாம். சின்னப் பிள்ளை ஒரே மூச்சில் சொல்லி முடித்து, உடனே இன்னொரு தடவை சொல்லக் கேட்கும். அந்த இரண்டாம் தடவைக்கு மூச்சு மிச்சம் இருக்க வேண்டும், அதற்குத்தான் இந்த அளவு.

நடையும் வயதைப் பொறுத்தது. மூன்று, நான்கு எண்ணிக்கை எல்லாருக்கும் வரும். ஏழும் பன்னிரண்டும் பெரிய பிள்ளைகளுக்கு. வயதை முடிவு செய்யாமல் நடனத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதியில் நின்றுவிடுவீர்கள்.

3. நடனத்தைத் தேர்ந்தெடுப்பது

முதல் பாட்டு வெளிநாட்டு நடனமாக இருக்க வேண்டாம். கும்மியில் தொடங்குங்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரியைச் சுற்றிக் கும்மி கொட்டுவதைப் பார்த்தே நம் ஊர்ப் பிள்ளைகள் வளர்கிறார்கள். எங்கே கை தட்ட வேண்டும், எங்கே குனிய வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும். நீங்கள் எழுதியது ஓடவில்லை என்றால் அந்த இடத்திலேயே காட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்த பாட்டுக்கு, வணிகத்துக்காகக் கடல் தாண்டிக் கொண்டுவிக்கப் போன நம் ஐயாக்கள் கால் வைத்த நாடுகளைப் பார்க்கலாம். பர்மியத் தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டே மியன்மர் நடனத்தை எழுதலாம். அங்கே கைகால் மூட்டுகளை மடக்கி, நூலில் கட்டிய பொம்மை அசைவதைப் போல ஆடும் வழக்கம் உண்டு. பிள்ளைகளுக்கு அது உடனே பிடித்துப்போகும். இலங்கையின் கண்டி நடனமும் இந்த வரிசையில் சேரும். வீட்டுப் பெரியவர்களிடம் அந்த ஊர்க் கதைகளைக் கேட்டுவரச் சொன்னால் பிள்ளைகளுக்கு அந்த நாடு வரைபடத்துப் புள்ளியாக மட்டும் நிற்காது.

அதற்குப் பிறகு தொலைவுக்குப் போங்கள். தேர்வு செய்யும்போது ஒன்றைப் பாருங்கள்: அந்த நடனத்தில் ஒரு குழந்தை உடனே செய்து பார்க்கக்கூடிய அசைவு ஒன்றாவது இருக்கிறதா? கிழக்கு ஆப்பிரிக்க மாசாய் மக்களின் அடுமு நடனத்தில் குதிகால் தரையில் படாமல் நேராக எம்புவார்கள். அயர்லாந்து நடனத்தில் கைகள் உடம்போடு ஒட்டி நிற்க, கால் மட்டும் பேசும். சீனச் சிங்க நடனத்தில் ஒரே சிங்கத்துக்குள் இரண்டு பேர், ஒருவர் தலை, ஒருவர் வால். இவை எல்லாம் எழுத வசதியானவை. பாலேயில் விரல் நுனியில் நிற்பது குழந்தை செய்து பார்க்கக்கூடாதது, அதனால் அதைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

4. சத்தம் இல்லாமல் பாருங்கள், பிறகு பார்க்காமல் கேளுங்கள்

காணொலியை முதல் தடவை சத்தத்தை அடைத்துவிட்டுப் பாருங்கள். இசை ஓடினால் கண் சோம்பிவிடும், கால் எங்கே விழுகிறது என்று தெரியாது. பார்த்ததை நோட்டில் வினைச்சொல்லாக மட்டும் எழுதுங்கள். எம்பு, மிதி, சாய், தட்டு, நில். ‘அழகு’, ‘இனிமை’ போன்ற சொல் ஒன்றுகூட அந்தப் பக்கத்தில் வரக்கூடாது.

இரண்டாவது தடவை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காதால் கேளுங்கள். கோலாட்டக் கழியால் கூடவே தட்டுங்கள். எந்தத் தட்டு பலமாக விழுகிறதோ அதை மட்டும் புள்ளி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே காணொலியை நம்ப வேண்டாம். சுற்றுலாப் பயணிகளுக்காக மேடையில் ஆடுவது ஒரு மாதிரி இருக்கும், ஊர்க்காரர்கள் தங்களுக்காக ஆடுவது வேறு மாதிரி இருக்கும். இரண்டையும் பாருங்கள்.

5. சொல்லுக்கு முன் சொற்கட்டு

வேலையில் பாதி இங்கேதான் நடக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போவதும் இதைத்தான்.

நம்மிடம் தகிட, தகதிமி என்று சொற்கட்டால் தாளத்தை எண்ணும் வழக்கம் இருக்கிறது. எந்த நாட்டுத் தாளத்தையும் அதில் பிடித்துவிடலாம். தக என்றால் இரண்டு, தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு. இந்த மூன்றையும் கோத்தால் போதும்.

ஐரோப்பாவின் ஜோடி நடனமான வால்ட்ஸ் மூன்றின் நடை: தகிட, தகிட, தகிட. அயர்லாந்தின் ஜிக், தகிட தகிட என்று இரண்டிரண்டாக ஓடும். அதே ஊரின் ரீல் தகதிமி தகதிமி. பிரேசிலின் சம்பா இரண்டு தட்டுத் தாளம், ஒவ்வொரு தட்டுக்குள்ளும் ஒரு வேகமான தகதிமி. கிரேக்கத்தின் கலமத்தியானோஸ் ஏழு எண்ணிக்கை, மூன்றும் இரண்டும் இரண்டுமாக. அதாவது தகிட தக தக, நம் கர்நாடக இசையின் மிஸ்ர சாப்புத் தாள அளவேதான். பல்கேரியாவின் ருச்செனித்சாவும் ஏழுதான், ஆனால் திருப்பிப் போட்டது: தக தக தகிட. ஸ்பெயினின் அந்தலூசியாவில் பிறந்த ஃபிளமென்கோவில் பன்னிரண்டு எண்ணிக்கைச் சுற்று பல வகைகளில் உண்டு. அதில் புலேரியா என்ற வகையின் சுற்றைத் தகிட தகிட தக தக தக என்று பிடிக்கலாம்.

செய்ய வேண்டியது இதுதான். நடனத்தின் சொற்கட்டை நோட்டின் மேலே எழுதுங்கள். எழுந்து நின்று அதைச் சொல்லிக்கொண்டே வளவை ஒரு சுற்று நடங்கள். கால் தடுமாறாமல் வரும்வரை பேனாவைத் தொடாதீர்கள். உட்கார்ந்தபடி விரல்விட்டு எண்ணியவர்களின் பாட்டில் மூன்றாம் வரியில் எண்ணிக்கை சறுக்குவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நடந்தவர்களுக்கு அந்தச் சறுக்கல் காலிலேயே தெரிந்துவிடுகிறது.

6. ஒரு பாட்டுக்கு ஒரே அசைவு

நோட்டில் பத்து வினைச்சொல் இருக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். எல்லாவற்றையும் நான்கு வரிக்குள் திணித்தால் குழந்தை எதைச் செய்வதென்று தெரியாமல் நின்றுவிடும்.

பிலிப்பைன்ஸின் டினிக்ளிங்கை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் இரண்டு நீள மூங்கிலைத் தரையில் தட்டி, பிறகு ஒன்றோடொன்று மோதுவார்கள். ஆடுகிறவர் மூங்கிலுக்கு நடுவே கால் வைத்து, அது மூடுவதற்குள் எடுத்துவிட வேண்டும். டிக்ளிங் என்ற பறவையின் நடையைப் பார்த்து வந்த ஆட்டம் அது. நம் கண்மாய்க் கரையில் ஓடுகிற கானாங்கோழியின் இனம்.

பெரும்பாலானவர்கள் முதலில் எழுதுவது இப்படி இருக்கும்: ‘பிலிப்பைன்ஸ் நாட்டின் நடனம் இது, மூங்கிலில் ஆடும் நடனம் இது.’ தகவலில் பிழை இல்லை. ஆனால் குழந்தைக்குச் செய்ய எதுவும் இல்லை. ‘கால் மாட்டிக்கொள்ளும் முன் தாண்டு’ என்ற ஒரே அசைவைப் பிடித்தால் பாட்டு வேறு மாதிரி வரும்:

மூங்கிலுக்கு வாயிருக்கு,
மூடுமுன்பு காலெடுத்துத்
தாண்டு தாண்டு கோழி போல,
மீண்டு வந்து தாண்டு தாண்டு.

நாட்டின் பெயர் எங்கே என்று கேட்பார்கள். அதற்குத் தலைப்பு இருக்கிறது. வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டவும் ஆசிரியர் இருக்கிறார்.

7. சொல்லை அளந்து வைப்பது

இப்போதுதான் பேனா. அளக்கும் முறை எளிது. குறில் ஒன்று, நெடில் இரண்டு. குறிலுக்குப் பின் மெய் வந்தால் இரண்டும் சேர்த்து இரண்டு. நெடிலுக்குப் பின் மெய் வந்தாலும் இரண்டே. சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ஐ ஒன்றுதான். இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை என்று படித்திருப்பீர்கள். பாடும்போது ஓசை இந்தக் கணக்கில்தான் நிற்கும். வரியின் கடைசிச் சீருக்கு மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், அங்கே மூச்சு எடுக்கிறோம்.

வால்ட்ஸுக்கு மூன்று மாத்திரைச் சொற்களைத் தேடுங்கள். சுற்று, பற்று, தோழி, மெல்ல எல்லாம் மூன்று. ‘தாளம்’, ‘ஆட்டம்’, ‘கால்கள்’ எல்லாம் நான்கு, அவை இதில் உட்காராது. நடனத்தைப் பற்றி எழுதும்போது முதலில் வாய்க்கு வருவதும் இந்த நான்கு மாத்திரைச் சொற்கள்தான், அதனால் கவனம் வேண்டும்.

பற்று கையை மெல்ல மெல்ல,
சுற்று பின்பு மெல்ல மெல்ல,
ஒற்றை வட்டமாக ஆடு,
உற்ற தோழியோடு பாடு.

வரிக்கு நான்கு தகிட. தட்டிச் சரிபாருங்கள். நான்கு வரியிலும் எதுகை ஒன்றாக நிற்பதையும் கவனியுங்கள். சின்னப் பிள்ளை அடுத்த வரியை எதுகையைப் பிடித்துத்தான் நினைவுக்குக் கொண்டுவருகிறது. வரிக் கடைசியின் ஒலி ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைத்து முதல் சீரைக் கவனிக்காமல் விடுவது பெரிய குறை. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எதுகையை வைத்துக்கொள்ளுங்கள்.

கலமத்தியானோஸ் வட்டமாகக் கை கோத்து ஆடுவது, முன்னால் போகிறவர் கையில் ஒரு கைக்குட்டை இருக்கும். ஏழின் நடையில் அது இப்படி வரும்:

வட்டமாய் நில், கட்டு கைகளை,
எட்டு வைத்திடு, ஒட்டி ஆடிடு.

ஒவ்வொரு பாதியும் ஒரு தகிட, ஒரு தகதிமி. ஃபிளமென்கோவுக்கோ கடைசி மூன்று தட்டும் தனித்து விழ வேண்டும். அங்கே ஒற்றைச் சொற்களை வரிசையாக நிறுத்துங்கள்:

தட்டு கையை, பட் பட் பட்!
எட்டு வைத்து, நில் நில் நில்!

அளவு சரியானபின் ஓசையைப் பாருங்கள். மிதிக்கிற, தட்டுகிற நடனங்களுக்கு வல்லினம் வேண்டும். தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர்களிடமிருந்து வந்த கம்பூட் நடனத்தில் ரப்பர் பூட்ஸைக் கையால் அறைந்தே தாளம் எழுப்புவார்கள். அதை ல, ழ, ய நிறைந்த சொற்களில் எழுதினால் பூட்ஸ் சத்தமே கேட்காது. அயர்லாந்துக்கும் இதே கதைதான்:

டக்டக் குதிகால், டக்டக் முன்கால்,
பக்கம் இரண்டும் கைகள் தூங்கும்.

ஹவாயின் ஹூலாவில் கைகள் கதை சொல்லும். அலை, மழை, மரம் என ஒவ்வொன்றையும் கையசைவு காட்டும். அங்கே க, ட அடுக்கினால் அலை உடைந்துவிடும். இடையினம் போதும்:

கரையிலேறி அலை வரும்,
விரலிறங்கி மழை வரும்.

இதைச் சொல்லும்போது எந்தக் குழந்தைக்கும் நீங்கள் கையசைவு சொல்லித்தர வேண்டியிருக்காது. முதல் வரிக்குக் கை மேலே போகும், இரண்டாவதற்கு விரல் இறங்கும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இந்த இடம்தான், இதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுமுவுக்கு வேறு ஒரு வழி உண்டு. எம்புகிறவர் உயர உயர, சுற்றி நிற்பவர்களின் குரலும் ஏறும். அதனால் வரியைச் சின்னதாக வைத்து, கடைசியில் நெடிலில் இழுக்க விடுங்கள்:

எம்பு தம்பி,
அம்பு போல,
இன்னும் மேலே,
இன்னும் மேலே!

இங்கே கடைசி இரண்டு வரியும் அளவை மீறுகின்றன. வேண்டுமென்றேதான். குரல் ஏறும்போது தாளம் கொஞ்சம் நீள்வதைக் குழந்தை ரசிக்கும்.

8. தகவலைச் சரிபாருங்கள்

பாட்டு தயாரானபின் வரைபடத்தோடு உட்காருங்கள். ‘ஆப்பிரிக்க நடனம்’ என்று ஒரு நடனம் கிடையாது. அடுமு கென்யாவிலும் தான்சானியாவிலும் வாழும் மாசாய் மக்களுடையது. டாங்கோவைப் பிரேசிலுக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் நிறைய. அது அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸும் உருகுவேயின் மொன்டேவிடேயோவும் சேர்ந்து வளர்த்தது. 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததும் இரண்டு நாட்டுக்கும் பொதுவாகத்தான். ஹூலா என்றதும் புல் பாவாடை எழுதுவார்கள். அது ஹவாய்க்கு வேறு தீவுகளிலிருந்து பின்னால் வந்த உடை, பழைய வழக்கம் மரப்பட்டைத் துணி.

பிரேக் நடனத்தைப் பெரிய பிள்ளைகள் கேட்பார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1970-களில் தெருவில் வளர்ந்து, 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக் வரை போனது. இதையும் பாட்டுக்குள் திணிக்காமல் பாட்டின் கீழே இரண்டு வரிக் குறிப்பாகப் போடுங்கள்.

9. வழிபாடும் சடங்கும் உள்ள நடனங்கள்

துருக்கியின் கோன்யாவில் சூஃபி நெறியினர் சுழன்று ஆடும் செமா ஒரு வழிபாடு. வலது உள்ளங்கை மேலே பார்க்கும், இடது உள்ளங்கை கீழே பார்க்கும். அதைத் ‘தலை சுத்துது, கீழே விழப்போறேன்’ என்று வேடிக்கையாக எழுதுகிறார்கள். குன்றக்குடிக்குக் காவடி எடுத்து ஆடி வருகிறவரைப் பற்றி யாராவது அப்படி எழுதினால் நமக்கு எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், திருத்தம் தானாக வந்துவிடும்.

நியூசிலாந்து மாவோரி மக்களின் ஹாக்காவும் இப்படித்தான். நாக்கை நீட்டுவதையும் கண்ணை விரிப்பதையும் மட்டும் பார்த்துவிட்டுப் பூச்சாண்டிப் பாட்டாக்கிவிடுகிறார்கள். அது போருக்கு மட்டும் உரியதல்ல. விருந்தாளியை வரவேற்கவும், இறந்தவருக்கு மரியாதை செய்யவும் ஆடுவார்கள். தரையை மிதிக்கும் பலத்தையும், எல்லாரும் ஒரே குரலாக எழுவதையும் எழுதுங்கள். அந்த மக்களின் சொற்களைப் போலச் சத்தம் உண்டாக்கி, பொருளில்லாத ஒலிகளை நிரப்பாதீர்கள்.

10. குழந்தையிடம் கொடுத்துப் பார்ப்பது

நீங்கள் படித்துக் காட்டக்கூடாது. உங்கள் குரல் பாட்டின் குறையை எல்லாம் மூடிவிடும். தாளைக் குழந்தையிடம் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். எங்கே தடுக்கிறதோ அங்கே கோடு போடுங்கள். ‘டீச்சர், இந்த வரி ஓட மாட்டேங்குது’ என்று ஒரு பிள்ளை சொன்னால் விளக்கம் கொடுக்காதீர்கள், வரியை மாற்றுங்கள்.

படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு மட்டும் வரி வரியாகச் சொல்லிக்கொடுங்கள். மறுநாள் கேளுங்கள். நினைவில் நின்ற வரியை விட்டுவிட்டு, மறந்த வரியைத் திருத்துங்கள். பிள்ளையே ஒரு சொல்லை மாற்றிச் சொல்லியிருந்தால் பெரும்பாலும் அந்தச் சொல்லே நல்லது. வாய் தனக்கு எளிதானதைத் தேடி எடுத்திருக்கும்.

அப்புறம் எழுந்து ஆடச் சொல்லுங்கள். பாட்டு சொல்லும் அசைவுக்கும் கால் செய்யும் அசைவுக்கும் நேரம் பொருந்துகிறதா என்று பாருங்கள். டினிக்ளிங் பாட்டுக்கு மூங்கில் தேவையில்லை, இரண்டு கோலாட்டக் கழியைத் தரையில் வைத்து நகர்த்தினால் போதும். கழியைப் பிடிப்பவர்கள் பெரியவர்களாக இருக்கட்டும், பிள்ளைகள் பிடித்தால் வேகம் ஏறி யார் காலாவது அடிபடும்.

11. தொகுப்பாகக் கோப்பது

ஏழெட்டுப் பாட்டு சேர்ந்ததும் பள்ளி ஆண்டு விழாவுக்கோ கையெழுத்துப் புத்தகத்துக்கோ வரிசைப்படுத்தும் வேலை வரும். நாடுகளின் அகரவரிசை வேண்டாம், கண்டம் கண்டமாகவும் வேண்டாம். கும்மியை முதலில் வையுங்கள், அரங்கில் இருக்கும் ஆச்சிகளும் கைதட்டத் தொடங்கிவிடுவார்கள். அதன்பின் மிதிக்கும் பாட்டு ஒன்று, மிதக்கும் பாட்டு ஒன்று என மாற்றி மாற்றி வைத்தால் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்காது.

சுழலும் பாட்டு இரண்டை அடுத்தடுத்து வைக்காதீர்கள், தலை சுற்றும். அடுமுவைக் கடைசிக்கு முன்னால் வையுங்கள், எம்பி முடித்தபின் பிள்ளைகளை அமைதியாக நிற்க வைப்பது கடினம். ஏழு எண்ணிக்கைப் பாட்டை நடுவில் பெரிய பிள்ளைகளிடம் கொடுங்கள். கடைசிப் பாட்டு ஹூலாவாக இருந்தால் கையை இறக்கியபடியே வரிசையாக மேடையை விட்டு இறங்கிவிடலாம். அதற்குத் தனியாக ஒத்திகைகூடத் தேவைப்படாது.